மெசேஜ் பாக்ஸில் முழுப் பட்டியல்: ஆப் இன்வென்டாரில் செய்து பார்ப்போம்

கம்ப்யூட்டரில் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யும்போது விண்டோஸ் ஒரு சிறிய பெட்டியைத் திரையில் காட்டும். 17 ஃபைல்கள் இருந்தால், இந்த 17 ஐட்டங்களையும் நிரந்தரமாக அழித்துவிடவா என்று ஆங்கிலத்தில் கேட்கும். கீழே யெஸ், நோ என இரண்டு பட்டன்கள் இருக்கும். நாமும் யெஸ் என்பதில் கிளிக் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். எந்த 17 ஃபைல்கள் என்று அந்தப் பெட்டி சொல்வதில்லை. அதில் பிள்ளையின் பிறந்த நாள் போட்டோ ஒன்று இருந்தாலும் நமக்குத் தெரியாது.

இவ்வாறு திடீரென எழுந்து வரும் பெட்டியை மெசேஜ் பாக்ஸ் அல்லது டயலாக் பாக்ஸ் என்று அழைக்கிறார்கள். மொபைல் போனுக்கு நாமே ஒரு சிறிய அப்ளிகேஷன் தயாரிக்கும்போதும் இந்தப் பெட்டி தேவைப்படும். அதில் எண்ணிக்கையை மட்டும் காட்டாமல் பட்டியலையே முழுதாகக் காட்டுவது எப்படி என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். புரோகிராமிங் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். மவுஸைப் பிடித்து இழுக்கத் தெரிந்தால் போதும்.

என்னென்ன தேவை?

நாம் பயன்படுத்தப் போவது ஆப் இன்வென்டார் என்ற இலவச வசதி. இதனை 2010 ஜூலையில் கூகுள் அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹால் ஏபெல்சன் இதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தார். கூகுள் 2011 டிசம்பர் 31 உடன் தன் சேவையை நிறுத்திக்கொண்டது. 2012 முதல் எம்ஐடி இதனை நடத்தி வருகிறது. இதில் கட்டளைகளை வரிவரியாக எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டளையும் வண்ணத்தில் ஒரு துண்டாகக் கிடைக்கும். இதற்கு பிளாக் என்று பெயர். குழந்தைகள் விளையாடும் படப்புதிர் போல ஒன்றோடு ஒன்றைப் பொருத்தினால் புரோகிராம் தயார்.

இன்டர்நெட் இணைப்புள்ள ஒரு கம்ப்யூட்டர், குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர், ஒரு ஜிமெயில் முகவரி, ஓர் ஆண்ட்ராய்டு போன் ஆகியவை தேவை. போனில் பிளே ஸ்டோரிலிருந்து எம்ஐடி ஏஐ2 கம்பேனியன் என்ற அப்ளிகேஷனை இன்ஸ்டால் செய்திடவும். கம்ப்யூட்டரையும் போனையும் ஒரே வை-ஃபையில் இணைத்திடவும். பின்னர் கம்ப்யூட்டரில் கனெக்ட் மெனுவில் ஏஐ கம்பேனியன் என்பதைத் தேர்ந்தெடுத்தால் கட்டம் கட்டமாக ஒரு கியூஆர் கோடு தெரியும். அதனைப் போனில் ஸ்கேன் செய்தால், நீங்கள் கம்ப்யூட்டரில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் உடனுக்குடன் போனில் தெரியும்.

நம் உதாரணம்

என் அம்மாவுக்குத் தினமும் 5 மாத்திரைகள். காலையில் 2, மதியம் 1, இரவில் 2. எதைப் போட்டோம், எது மீதி என்பது சில நாட்களில் குழம்பிவிடும். போட்டதையே மறுபடி போடுவதும் ஆபத்து, போடாமல் விடுவதும் ஆபத்து. எனவே, மீதி என்ன என்று கேட்டால் பட்டியலைக் காட்டும் ஒரு சிறிய அப்ளிகேஷனை அவருக்காகத் தயாரித்தேன். அதையே இங்கு உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒன்றை மட்டும் நினைவில் வைத்திடுங்கள். இது ஞாபகத்திற்கு உதவும் கருவி மட்டுமே. எந்த மாத்திரை, எத்தனை வேளை என்பதற்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டுதான் ஆதாரம்.

ஆப் இன்வென்டாரில் புதிய புராஜக்ட் ஒன்றைத் திறந்திடவும். முதலில் தெரிவது டிசைனர் திரை. இடது பக்கம் உள்ள பேலட் பகுதியிலிருந்து இரண்டு பட்டன்களையும் ஒரு லிஸ்ட் பிக்கரையும் நடுவில் உள்ள போன் படத்தில் இழுத்து விடவும். பட்டன்களுக்கு "மீதி என்ன?", "புதிய நாள்" என்றும் லிஸ்ட் பிக்கருக்கு "போட்டாச்சு" என்றும் வலது பக்கத்தில் பெயர் கொடுத்திடவும். விண்டோஸில் உள்ள தமிழ் கீபோர்டைக் கொண்டு தமிழிலேயே டைப் செய்யலாம்.

அடுத்து நோட்டிஃபயர் என்ற பொருளையும், ஸ்டோரேஜ் பகுதியிலிருந்து டைனி டிபி என்ற பொருளையும் இழுத்து விடவும். இவை போன் படத்துக்குள் தெரியாமல் அதற்குக் கீழே போய் உட்காரும். கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்யும் பொருட்கள் இவை. மெசேஜ் பாக்ஸைக் காட்டுவது நோட்டிஃபயர். தகவலைப் போனில் சேமித்து வைப்பது டைனி டிபி.

பட்டியல் என்பது என்ன?

வலது மூலையில் உள்ள பிளாக்ஸ் பட்டனைக் கிளிக் செய்து அடுத்த திரைக்கு வாருங்கள். ஒரு தகவலைப் பெயரிட்டு வைத்துக்கொள்ளும் இடத்துக்கு வேரியபிள் என்று பெயர். ஒரே வேரியபிளில் பல தகவல்களை வரிசையாக வைத்தால் அது லிஸ்ட். மாத்திரை வாங்கும் அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அட்டை ஒன்றுதான். குழிகள் பத்து. ஒவ்வொரு குழிக்கும் ஓர் எண் உண்டு. ஆப் இன்வென்டாரில் இந்த எண் 1 இல் தொடங்கும். பல கம்ப்யூட்டர் மொழிகளில் 0 இல் தொடங்கும் என்பதால், கல்லூரியில் வேறு மொழி படித்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நமக்கு மூன்று வேரியபிள்கள் தேவை. மாறாத 5 பெயர்களைக் கொண்ட "முழு" ஒன்று. இன்று இன்னும் போடாதவற்றைக் கொண்ட "மீதி" ஒன்று. பெட்டியில் காட்ட வேண்டிய எழுத்துகளைச் சேர்த்து வைக்கும் "உரை" ஒன்று. விளக்கத்திற்காக இவற்றைத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திடவும். "முழு" என்பதில் மேக் எ லிஸ்ட் பிளாக்கைப் பொருத்தி, மருத்துவர் சீட்டைப் பார்த்து 5 பெயர்களையும் டைப் செய்திடவும். "மீதி" என்பதில் கிரியேட் எம்ப்ட்டி லிஸ்ட் பிளாக்கையும், "உரை" என்பதில் காலி டெக்ஸ்ட் பிளாக்கையும் பொருத்திடவும்.

அப்ளிகேஷன் திறக்கும்போது இயங்கும் ஸ்கிரீன் இனிஷியலைஸ் பிளாக்கில், டைனி டிபியின் கெட் வேல்யூ மூலம் "மீதி" லிஸ்ட்டை எடுத்திடவும். முதல் நாளில் சேமித்தது எதுவும் இருக்காது. அப்போது எதைத் தர வேண்டும் என்று இந்த பிளாக்கில் ஓர் இடம் உண்டு. அங்கு தொடக்கத்தில் காலி டெக்ஸ்ட் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதனை நீக்கிவிட்டு, காப்பி லிஸ்ட் பிளாக்கையும் அதனுள் "முழு" வேரியபிளையும் வைத்திடவும். காலி டெக்ஸ்ட் என்பது லிஸ்ட் அல்ல. அப்படியே விட்டால், பின்னால் லிஸ்ட் பிளாக்குகள் அதனைக் கையாள முடியாமல் எர்ரர் காட்டும்.

காப்பி லிஸ்ட் எதற்கு, நேரடியாக "முழு" என்பதையே கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். அப்படிக் கொடுத்தால் ஒரே அட்டைக்கு இரண்டு பெயர் வைத்தது போல் ஆகிவிடும். "மீதி"யிலிருந்து ஒரு மாத்திரையை நீக்கினால் "முழு"விலிருந்தும் அது போய்விடும். காப்பி லிஸ்ட் பிளாக் தனியாக இன்னோர் அட்டையைத் தயாரித்துத் தரும்.

போட்ட மாத்திரையை நீக்குவது லிஸ்ட் பிக்கரின் வேலை. பிஃபோர் பிக்கிங் பிளாக்கில் அதன் எலிமென்ட்ஸ் என்பதற்கு "மீதி"யைக் கொடுத்திடவும். ஆஃப்டர் பிக்கிங் பிளாக்கில் ரிமூவ் லிஸ்ட் ஐட்டம் மூலம், தேர்ந்தெடுத்த எண்ணில் உள்ளதை நீக்கி, டைனி டிபியில் ஸ்டோர் வேல்யூ மூலம் சேமித்திடவும். சேமிக்கும்போதும் எடுக்கும்போதும் ஒரே டேக் பெயரைத் தர வேண்டும்.

நேரடியாகக் கொடுத்தால் என்ன ஆகும்?

இப்போது "மீதி என்ன?" பட்டனுக்கு வருவோம். நோட்டிஃபயரில் ஷோ மெசேஜ் டயலாக் என்ற பிளாக் உள்ளது. அதில் செய்தி, தலைப்பு, பட்டனில் தெரிய வேண்டிய எழுத்து என மூன்று இடங்கள் இருக்கும். செய்தி என்ற இடத்தில் "மீதி" லிஸ்ட்டை அப்படியே பொருத்திப் பாருங்கள். பெட்டி வரும். ஆனால் சதுர அடைப்புக்குறி, ஒவ்வொரு பெயரின் இரு புறமும் மேற்கோள் குறி, நடுவில் காற்புள்ளி என எல்லாம் ஒரே வரியாகக் கலந்து தெரியும். மெசேஜ் பாக்ஸுக்கு லிஸ்ட் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு டெக்ஸ்ட். எனவே லிஸ்ட்டை ஆப் இன்வென்டார் தன் சொந்த முறையில் டெக்ஸ்டாக மாற்றிக் கொடுக்கிறது. நமக்கு அது புரியலாம். கண்ணாடி போட்டுப் படிக்கும் பெரியவர்களுக்கு அது வெறும் குழப்பம்.

அப்படியானால், லிஸ்ட்டில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை மெசேஜ் பாக்ஸைக் காட்டலாமா? புதிதாகச் செய்பவர்கள் பலருக்கும் தோன்றும் வழி இது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆப் இன்வென்டாரில் மெசேஜ் பாக்ஸ் திறந்தவுடன் புரோகிராம் நின்று காத்திருப்பதில்லை. அடுத்த பிளாக்குக்குப் போய்விடும். எனவே 5 பெட்டிகளும் கண் இமைக்கும் நேரத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்படும். மேலே தெரிவது கடைசிப் பெட்டி. முதலில் இரவு மாத்திரை, கடைசியில் காலை மாத்திரை என்று தலைகீழாகப் படிக்க வேண்டியிருக்கும். 5 முறை ஓகே பட்டனையும் அழுத்த வேண்டும்.

சரியான வழி, முதலில் எல்லாப் பெயர்களையும் சேர்த்து ஒரே டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு முறை பெட்டியைக் காட்டுவதுதான்.

சேர்க்கும் வேலை

இந்த வேலை இரண்டு பட்டன்களுக்கும் தேவைப்படும் என்பதால் இதனைத் தனி புரொசீஜராக அமைத்துவிடுவோம். புரொசீஜர்ஸ் பகுதியிலிருந்து டு புரொசீஜர் பிளாக்கை எடுத்திடவும். அதனுள் வரிசையாகப் பின்வருவனவற்றைப் பொருத்திடவும்.

1. "உரை" வேரியபிளில் காலி டெக்ஸ்டை வைத்திடவும். இதை விட்டுவிட்டால், இரண்டாவது முறை பட்டனை அழுத்தும்போது பழைய பட்டியலுக்குப் பின்னால் புதிய பட்டியலும் ஒட்டிக்கொள்ளும். 5 மாத்திரை 10 ஆகத் தெரியும்.

2. கண்ட்ரோல் பகுதியில் உள்ள ஃபார் ஈச் நம்பர் பிளாக்கை எடுத்திடவும். 1 முதல் லிஸ்ட்டின் நீளம் வரை, 1 கூட்டிக்கொண்டே போக வேண்டும். நீளத்தைத் தருவது லென்த் ஆஃப் லிஸ்ட் பிளாக்.

3. அதனுள், "உரை" வேரியபிளுக்கு ஜாயின் பிளாக் மூலம் ஐந்து பகுதிகளை ஒட்டிக் கொடுத்திடவும். ஏற்கனவே உள்ள உரை, வரிசை எண், ஒரு புள்ளியும் இடைவெளியும், அந்த எண்ணில் உள்ள மாத்திரைப் பெயர், வரியை முடிக்கும் குறி. மாத்திரைப் பெயரை எடுத்துத் தருவது செலக்ட் லிஸ்ட் ஐட்டம் பிளாக்.

வரிசை எண் வேண்டாம் என்றால் இத்தனையும் தேவையில்லை. லிஸ்ட்ஸ் பகுதியிலேயே ஜாயின் ஐட்டம்ஸ் யூசிங் செப்பரேட்டர் என்று ஒரு பிளாக் உள்ளது. லிஸ்ட்டையும், இடையில் வர வேண்டிய குறியையும் கொடுத்தால் அதுவே ஒட்டித் தந்துவிடும். ஆனால் மாத்திரைப் பட்டியலுக்கு எண் இருப்பது நல்லது. மொத்தம் எத்தனை மீதி என்பது பார்த்தவுடன் தெரியும்.

வரியை முடிக்கும் குறி எது?

பலரும் தடுமாறும் இடம் இதுதான். ஆப் இன்வென்டாரில் அடுத்த வரிக்குச் செல்ல, பேக்ஸ்லாஷ் குறியும் அதை ஒட்டி 'என்' என்ற சிறிய ஆங்கில எழுத்தும் டைப் செய்வது வழக்கம். திரையில் உள்ள லேபிளுக்கு இது சரியாக வேலை செய்யும். ஷோ மெசேஜ் டயலாக்கில் வேலை செய்யாது. எல்லாப் பெயர்களும் ஒரே வரியில் ஓடும்.

காரணம் இதுதான். மெசேஜ் டயலாக் தனக்குக் கிடைக்கும் டெக்ஸ்டை இணையப் பக்கம் எழுதும் ஹெச்டிஎம்எல் முறையில் படிக்கிறது. அந்த முறையில் சாதாரண வரி மாற்றத்துக்கு ஓர் இடைவெளியின் மதிப்புதான். அடுத்த வரிக்குப் போக பிரேக் என்ற டேக் வேண்டும். அதாவது, கோண அடைப்புக்குறி திறந்து, 'பி', 'ஆர்' என்ற இரண்டு சிறிய ஆங்கில எழுத்துகளை டைப் செய்து, கோண அடைப்புக்குறியை மூட வேண்டும். கீபோர்டில் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை ஷிஃப்ட் உடன் அழுத்தினால் இந்தக் குறிகள் கிடைக்கும். ஹெச்டிஎம்எல் என்பதால் இன்னொரு வசதியும் உண்டு. 'பி' என்ற ஒற்றை எழுத்து டேக்கைப் போட்டு, முக்கியமான மாத்திரையின் பெயரைத் தடித்த எழுத்தில் காட்டலாம்.

காலிப் பெட்டியின் பொருள் என்ன?

எல்லா மாத்திரைகளும் போட்டாகிவிட்டது. லிஸ்ட் காலி. இப்போது "மீதி என்ன?" என்று அழுத்தினால் எழுத்தே இல்லாத வெற்றுப் பெட்டி வரும். அதைப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? எல்லாம் முடிந்தது என்று நினைக்கலாம். அப்ளிகேஷன் கெட்டுவிட்டது என்றும் நினைக்கலாம். சந்தேகத்தில் இன்னொரு மாத்திரை போட்டுக்கொண்டால் வம்பு. அலுவலகத்தில் இது போன்ற திரைகளைச் சோதிக்கும்போது, காலிப் பட்டியலுக்கு என்ன தெரிகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

எனவே புரொசீஜரில் இஃப் தென் எல்ஸ் பிளாக்கைச் சேர்த்திடவும். இஸ் லிஸ்ட் எம்ப்ட்டி பிளாக் மூலம் "மீதி"யைச் சோதித்து, காலியாக இருந்தால் "இன்றைய மாத்திரைகள் எல்லாம் போட்டாச்சு" என்று "உரை"யில் வைத்திடவும். இல்லையென்றால் மேலே சொன்ன சேர்க்கும் வேலை நடக்கட்டும். இனி "மீதி என்ன?" பட்டனின் கிளிக் பிளாக்கில் இரண்டே வரிகள்தான். புரொசீஜரை அழைப்பது ஒன்று, "உரை"யை ஷோ மெசேஜ் டயலாக்கில் காட்டுவது மற்றொன்று.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பெட்டியில் ஓகே அழுத்துவதற்கு "படித்துவிட்டேன்" என்பது மட்டுமே பொருள். "போட்டுவிட்டேன்" என்பது பொருள் அல்ல. ஓகே அழுத்தியவுடன் மாத்திரைகளைப் பட்டியலிலிருந்து நீக்குவது போல் அமைக்க வேண்டாம்.

கேட்டுவிட்டு அழிக்கும் பெட்டி

கடைசியாக "புதிய நாள்" பட்டன். இது "மீதி"யை அழித்துவிட்டு முழுப் பட்டியலையும் மறுபடி கொண்டுவரும். நேற்று இரவு விட்டுப்போன மாத்திரை ஒன்று அதில் இருந்தால், அந்தத் தகவல் அதோடு போய்விடும். பின்னர் மருத்துவர் கேட்டாலும் சொல்ல முடியாது. எனவே அழிக்கும் முன் பட்டியலைக் காட்டிக் கேட்க வேண்டும்.

இதற்கு ஷோ சூஸ் டயலாக் பிளாக் பயன்படும். புரொசீஜரை அழைத்துவிட்டு, செய்தியாக "உரை"யையும், தலைப்பாக "புதிய நாள் தொடங்கவா?" என்பதையும், இரண்டு பட்டன்களுக்கு "தொடங்கு", "வேண்டாம்" என்பதையும் கொடுத்திடவும். கேன்சலபிள் என்ற இடத்தில் ஃபால்ஸ் வைத்திடவும். இல்லையென்றால் மூன்றாவதாக ஒரு கேன்சல் பட்டனும் வந்து நிற்கும்.

அழிக்கும் வேலையை இந்த பிளாக்குக்குக் கீழே ஒட்டக் கூடாது. புரோகிராம் காத்திருக்காது என்று முன்பே பார்த்தோம். பதில் சொல்வதற்குள் அழிந்துவிடும். நோட்டிஃபயரின் ஆஃப்டர் சூஸிங் என்ற தனி பிளாக்கில்தான் அதனை வைக்க வேண்டும். எந்தப் பட்டன் அழுத்தப்பட்டதோ அதன் எழுத்து இங்கு சாய்ஸ் என்ற பெயரில் கிடைக்கும். அது "தொடங்கு" என்பதற்குச் சமமா என்று சோதித்து, சமமாக இருந்தால் மட்டும் "மீதி"யில் "முழு"வின் காப்பியை வைத்துச் சேமித்திடவும். இரண்டு இடத்திலும் எழுத்து அப்படியே ஒத்திருக்க வேண்டும். பின்னால் ஓர் இடைவெளி அதிகம் இருந்தாலும் சமம் ஆகாது.

வேறு வழிகள்

நோட்டிஃபயரில் ஷோ அலர்ட் என்றும் ஒன்று உண்டு. திரையில் சில எழுத்துகளைக் காட்டிவிட்டுத் தானே மறைந்துவிடும். ஆண்ட்ராய்டில் இது குறைந்த அளவாக 2 வினாடிகளும், அதிக அளவாக மூன்றரை வினாடிகளும் நிற்கும். "சேமிக்கப்பட்டது" என்று சொல்ல இது போதும். பட்டியலைப் படிக்க போதாது. மேலும், இது ஹெச்டிஎம்எல் டேக்குகளைப் புரிந்துகொள்ளாது. பட்டியல் 20, 30 என்று நீண்டால் மெசேஜ் பாக்ஸும் பொருந்தாது. எழுத்துகளை மேலும் கீழும் தள்ளிப் படிக்கலாம் என்றாலும் சிரமம். அப்போது லிஸ்ட் வியூ என்ற பொருளைத் திரையிலேயே நிரந்தரமாக வைத்துவிடலாம்.

அப்ளிகேஷனை வீட்டில் உள்ளவர்களிடம் கொடுக்கும் முன் நான்கு விதமாகச் சோதித்திடுங்கள். பட்டியல் காலியாக இருக்கும்போது, ஒன்று மட்டும் இருக்கும்போது, முழுதாக இருக்கும்போது, பட்டனை இரண்டு முறை தொடர்ந்து அழுத்தும்போது. நான்கிலும் சரியாக வந்தால், பில்ட் மெனுவில் ஆண்ட்ராய்டு ஆப் என்பதைத் தேர்ந்தெடுத்துப் போனில் இன்ஸ்டால் செய்திடலாம். முதல் வாரம் மட்டும், மாத்திரை டப்பாவையும் பெட்டியில் தெரியும் பட்டியலையும் தினமும் இரவு ஒப்பிட்டுப் பாருங்கள்.